நூறு குடங்களும் ஒரு குடுவையும்

விரற்கடை நீளமே உள்ள வெள்ளிக் குழல். உள்ளே, பிறந்த குழந்தையின் தொப்புளிலிருந்து காய்ந்து உதிர்ந்த கொடித் துண்டு. அரைஞாணிலே கோத்து இடுப்பிலே கட்டுவர். கண்ணேறு படாது, காற்றுக் கருப்பு அண்டாது என்பர். பாட்டி கட்டினாள், தாய் கட்டினாள், மகளும் கட்டுகிறாள். அறியாமைதான், எனினும் அன்பிலே தோய்ந்த அறியாமை. அதைக் கண்டு நாம் சினந்ததைவிட இரங்கியதே அதிகம்.

அந்தக் குழலுக்கு இப்போது புதிய பொழிப்புரை ஒன்று புறப்பட்டிருக்கிறது! கைப்பேசிதோறும் வலம் வருகிறது, மேடைதோறும் முழக்கப்படுகிறது. தாயத்து மூடநம்பிக்கை அன்றாம். நம் முன்னோர் நிறுவிய 'ஸ்டெம் செல்' வங்கியாம்! பிள்ளை வளர்ந்தபின் தீராப் பிணி தாக்கினால், குழலைத் திறந்து, கொடியைப் பொடித்து ஊட்டினால் போதுமாம், பிணி பறந்தோடிவிடுமாம்! சான்று என்ன? 'தாயத்து' என்ற சொல்லிலேயே 'தாய்' இருக்கிறாளாம்! சொல்லை உடைத்துச் சான்று காட்டுவதென்றால், தாயக்கட்டையிலும்தான் தாய் இருக்கிறாள். சூதாட்டமும் மகப்பேற்று மருத்துவம் என்று நாளை பேசுவார்களோ!

எழுத்தறியாதார் பேச்சென்று இதைத் தள்ளிவிடலாமோ என்றால், அதற்கும் வழியில்லை. 2019 சனவரியில் பஞ்சாபிலே இந்திய அறிவியல் மாநாடு கூடிற்று. அறிஞர்கள் அமர்ந்த அவை. மாணவர்கள் திரண்ட பந்தல். அங்கே மேடையேறினார் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அந்நாளையத் துணைவேந்தர். காந்தாரிக்கு நூறு பிள்ளைகள் பிறந்தது எவ்வாறு? குருத்தணு விஞ்ஞானத்தாலும் சோதனைக்குழாய் முறையாலும் என்று பகர்ந்தார்! இராவணனிடம் இருபத்துநான்கு வகை விமானங்கள் இருந்தன என்றும் சேர்த்துச் செப்பினார். இதை ஒரு புரோகிதர் சொல்லியிருந்தால் தொழிலுக்காகச் சொன்னார் என்று விட்டுவிடலாம். பட்டமளிக்கும் கைகொண்டவர் சொன்னார். நாடெங்கும் விஞ்ஞானிகள் கண்டித்தனர். ஆயினும் அந்தப் பேச்சு சாகவில்லை. தாயத்துப் புராணமும் குடப் புராணமும் இன்று கைகோத்து நடக்கின்றன.

நாம் சில ஐயங்களை எழுப்புகிறோம். பாரதம் படித்தவர்கள் பதிலிறுக்கட்டும். காந்தாரி ஈன்றது ஒரு சதைப்பிண்டம். வியாசர் அதை நூற்றொரு துண்டாக்கி நெய்க்குடங்களில் இட்டு மூடிவைத்தார் என்கிறது கதை. சரி, ஒரு துண்டு சதையிலிருந்து ஒரு முழு மனிதனையே வளர்க்கத் தெரிந்த அவைக்கு, அரியணையிலே அமர்ந்திருந்த அரசனின் குருட்டுக் கண்ணுக்கு ஒரு மருந்து தெரியவில்லையா? பாண்டுவின் குறைக்கு ஒரு பரிகாரம் தோன்றவில்லையா? களத்திலே குருதி சிந்திக் கிடந்தோருக்கு ஒரு குடம் மாற்றுக் குருதி வளர்க்க ஒருவருக்கும் நினைவு வரவில்லையா? நெய்யின் வெம்மை எத்துணை, எத்தனை குடங்கள் பழுதாயின, பழுதானது ஏன் என்று ஒரு வரியேனும் உண்டா? இல்லை. புராணத்திலே எந்தச் சோதனையும் தோற்பதில்லை! தோல்வியே இல்லாத ஆராய்ச்சியை உலகம் கண்டதில்லை, கதையிலேதான் காணமுடியும்.

தாயத்துக்கு வருவோம். குருத்தணு என்பது உயிருள்ள அணு. மற்ற அணுக்களைப் பெற்றுத் தரும் தாயணு; வாழைக்கு நடுக்குருத்து எப்படியோ அப்படி உடலுக்கு இது. குருதியை ஆக்கும் குருத்தணுக்கள் இருப்பது கொடிக்குள் ஓடும் குருதியிலே. உலர்ந்து உதிர்ந்த தோல்துண்டிலே அன்று. குருதியை எடுத்தால் இரண்டொரு நாளுக்குள் பக்குவப்படுத்தி, உறைபனியால் அணு வெடிக்காதிருக்க மருந்து சேர்த்து, திரவ நைட்ரஜனிலே, சுழிக்குக் கீழே 196 பாகைக் குளிரிலே வைத்தால்தான் அது உயிரோடு கிடக்கும். வெள்ளிக் குழலுக்குள், வேனில் வெயிலில், வியர்வை வழியும் இடுப்பிலே காய்ந்து கருவாடாய்க் கிடப்பதில் உயிர் ஏது? உயிர் இருந்தாலுந்தான் என்ன? பொடித்து விழுங்கினால் வயிற்று அமிலம் அதைச் செரித்துவிடும், கத்தரிக்காயைச் செரிப்பதுபோல. குருதிக் குருத்தணு செல்லவேண்டிய இடம் எலும்பு மஜ்ஜை. செல்லும் வழி நரம்பிலே ஏற்றும் ஊசி. வாய்வழி அன்று!

இந்த இடத்திலே நம் நெஞ்சு கொதிக்கிறது, தோழர்களே. இன்று தொப்புள்கொடியின் மகிமையை முன்னோர் அறிந்திருந்தனர் என்று முழங்கும் அதே வைதீகம், நேற்று அதைப்பற்றி என்ன சொல்லிற்று? தீட்டு என்றது! பிள்ளை பெற்றவளை ஒதுக்குப்புற அறையிலே கிடத்திற்று. அவள் தொட்ட பாண்டத்தைத் தொடாதே என்றது. பதினோராம் நாள் புரோகிதர் வந்து புண்ணியாகவாசனம் செய்து நீர் தெளித்தால்தான் வீடு தூய்மையாகும் என்றது. நள்ளிரவிலே ஓடிவந்து, குருதியிலும் நீரிலும் கையைத் தோய்த்து, கொடியை அறுத்து, தாயையும் சேயையும் காத்துக் கொடுத்தாளே நாவிதர் குலத்து மருத்துவச்சி — அவளுக்கு என்ன கொடுத்தீர்கள்? முறத்திலே கொஞ்சம் நெல். முற்றத்துக்கு வெளியே ஓர் இடம்! கொடியின் அருமை தெரிந்தவர்களா கொடியறுத்தவளின் அருமை தெரியாமல் போனார்கள்? அந்தக் குருதியை அசுத்தம் என்று சாத்திரம் எழுதி வைத்துவிட்டு, வெளிநாட்டான் அதை மருந்தாக்கிய பிறகு, 'அது எங்கள் கண்டுபிடிப்பு' என்று கைநீட்டுவது எந்த நெறி?

மருந்தாக்கிய கதையைச் சொல்வோம். இளைஞர்கள் நெட்டுருப்போட வேண்டிய கதை அது. ஏனெனில் அது முழுக்க முழுக்க எண்ணிப் பார்த்த கதை, ஐயுற்ற கதை, தோற்றுத் தோற்றுத் திருத்திக்கொண்ட கதை.

கனடாவின் டொரான்டோ நகரில் ஜேம்ஸ் டில் என்ற இயற்பியலாரும் எர்னெஸ்ட் மெக்கல்லக் என்ற மருத்துவரும் கூடி உழைத்தனர். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த சுண்டெலிகளுக்கு, வேறு எலிகளின் மஜ்ஜை அணுக்களை ஏற்றினர். பத்து நாள் கழித்து எலிகளின் மண்ணீரலைப் பார்த்தால், சிறுசிறு புடைப்புகள்! ஏற்றிய அணுக்களின் தொகை கூடக்கூடப் புடைப்புகளின் எண்ணிக்கையும் அதே அளவில் கூடிற்று. அவர்கள் அற்புதம் என்று கும்பிடவில்லை, எண்ணினார்கள். 1961இல் அதை வெளியிட்டார்கள். ஒவ்வொரு புடைப்பும் ஒற்றை அணுவின் வழித்தோன்றல் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் மெய்ப்பித்தார்கள். குருதிக்கு ஒரு தாயணு உண்டு என்பது அன்றுதான் அளவையோடு நிலைநாட்டப்பட்டது. நம் உடலில் நொடிக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட சிவப்பணுக்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றின் ஆயுளும் ஏறத்தாழ 120 நாள். இந்த ஓயாப் பிறப்புக்கெல்லாம் மூலம், மஜ்ஜைக்குள் அரிதினும் அரிதாய் ஒளிந்திருக்கும் அந்தக் குருத்தணுக்கள்.

தொப்புள்கொடிக் குருதியிலும் அவை உண்டு என்பது பிறகு தெரிந்தது. மகப்பேற்று அறைகளில் நஞ்சுக்கொடியோடு குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த குருதி அது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஹால் பிராக்ஸ்மெயர் அந்தக் 'குப்பை'யைக் கேட்டு வாங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட பிரசவங்களின் குருதியைச் சோதித்தார்: எத்தனை அணுக்கள் உள்ளன, எத்தனை நாள் தாங்கும், உறையவைத்து உருக்கினால் எத்தனை பிழைக்கும்? ஒவ்வொன்றுக்கும் எண் கண்டார். அதன் பிறகே 1988 அக்டோபரில், பாரிசின் செயிண்ட் லூயி மருத்துவமனையில், எலியான் குளுக்மன் என்ற பெண் மருத்துவர் உலகின் முதல் தொப்புள்கொடிக் குருதி மாற்றைச் செய்தார். நோயாளி அமெரிக்காவிலிருந்து வந்த ஐந்து வயதுச் சிறுவன். நோய், மஜ்ஜை வற்றிப்போகும் ஃபான்கோனி இரத்தசோகை. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு வருவது. (அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி மணமுடிக்கும் நம் நாட்டார் இந்த வகை நோய்களைப்பற்றி நினைத்துப் பார்ப்பது நல்லது.) உறைந்த குருதி அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பறந்து வந்தது. சிறுவன் பிழைத்தான், வளர்ந்து ஆளானான்.

யாருடைய குருதி அது? அவனுடையதன்று, புதிதாய்ப் பிறந்த அவன் தங்கையுடையது! இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் ஒரு வணிகரிடம் இதைக் கேட்கப்போகிறோம்.

அதே பிராக்ஸ்மெயர், உறையவைத்த குருதியை இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு உருக்கி, அணுக்கள் உயிரோடிருப்பதைச் சோதித்து 2011இல் வெளியிட்டார். இருக்கும் என்று நம்பவில்லை. இருக்கிறதா என்று பார்த்தார். தாயத்துக் கூட்டத்துக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் உள்ள தொலைவு அந்த ஒரு வினாவின் தொலைவு.

பாரிசிலே வெற்றி கிட்டியதும் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. இங்கேதான் உண்மையான இடர் தொடங்கிற்று. ஒரு கொடியில் கிடைக்கும் குருதி ஒரு தம்ளர் அளவுகூட இராது. ஏறத்தாழ நூறு மில்லி லிட்டர், பெரும்பாலும் அதற்கும் குறைவு. மஜ்ஜை தானத்தில் கிடைக்கும் அணுக்களில் பத்தில் ஒரு பங்குதான் அதில் தேறும். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போதும். அறுபது கிலோ எடையுள்ள ஆளுக்கு எப்படிப் போதும்? போதாமையின் விலையை நோயாளி தன் உடலால் கொடுத்தான். கடும் மருந்தால் பழைய மஜ்ஜையை அழித்தபின், ஏற்றிய சில குருத்தணுக்கள் வேரூன்றி வெள்ளணுக்களைத் தருவதற்கு மூன்று வாரம், நான்கு வாரம் பிடித்தது. அதுவரை உடலுக்குக் காவலர் இல்லை. வாயெல்லாம் புண்; ஓயாக் காய்ச்சல்; மற்றவரை ஒன்றும் செய்யாத சிறு பூஞ்சைகூடக் கொன்றுவிடும். கண்ணாடிக்கு அப்பால் நின்று தாய் கையசைப்பாள். அந்த வாரங்களைத் தாண்டாமல் மாண்டவர் பலர்.

வழி? ஒன்றே வழி: அணுக்களை வெளியே, ஆராய்ச்சிக்கூடத்துக் குடுவையிலே வளர்த்துப் பெருக்கி, பிறகு ஏற்றவேண்டும். சொல்வது எளிது. வளர்ச்சிப் புரதங்களை ஊற்றினால் அணுக்கள் பெருகத்தான் செய்தன. ஒன்று பத்தாயிற்று, பத்து நூறாயிற்று. ஆனால் பெருகியவை குருத்தாக இல்லை. வாழைக் குருத்து விரிந்தால் இலை. அழகான இலைதான், பயன்படும் இலைதான். ஆனால் இலை மீண்டும் குருத்தாகுமா? ஆகாது. அதுபோலவே குடுவையிலே பிறந்த அணுக்கள் வெள்ளணுவாகவும் பிறவாகவும் முதிர்ந்துபோயின, தாய்மையை இழந்தன. எண்ணிக்கை ஏற ஏற, குருத்துத்தன்மை இறங்கிற்று. அணுவுக்கு 'பெருகு' என்று ஆணையிடத் தெரிந்தது. 'நீயாகவே இருந்து பெருகு' என்று ஆணையிடத் தெரியவில்லை. ஆண்டுக்கணக்காக உலகத்து ஆராய்ச்சிக்கூடங்கள் அந்த ஆணையைத் தேடின. காந்தாரியின் குடத்திலே எந்த நெய், எந்த மந்திரம் அந்த வேலையைச் செய்தது என்று துணைவேந்தர் ஒரு வரி எழுதியிருந்தால், பாவம், இவர்கள் இத்தனை பாடு பட்டிருக்க வேண்டாமே!

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஃபிரெட் ஹட்சின்சன் ஆய்வு நிலையத்தில், கொலீன் டிலேனி குழுவினர் ஒரு வழி கண்டனர். மஜ்ஜைக்குள் பக்கத்து அணுக்கள் குருத்தணுவைத் தொட்டுத் தரும் ஒரு சைகை உண்டு. அந்தச் சைகைப் புரதத்தைக் குடுவையின் அடித்தளத்திலே பூசி வைத்தனர். குருத்தின் அடையாளமுள்ள அணுக்கள் நூறு மடங்குக்கும் மேல் பெருகின. நோயாளிக்கு இரண்டு குருதி: ஒன்று வளர்த்தது, மற்றொன்று வளர்க்காதது. 26 நாள் பிடித்த வெள்ளணு மீட்சி 16 நாளுக்கு இறங்கிற்று. 2010இல் இதை வெளியிட்டபோது அவர்கள் இன்னொன்றையும் மறைக்காமல் எழுதினர்: வளர்த்த அணுக்கள் விரைந்து வந்தன, ஆனால் பெரும்பாலோரிடம் நீடித்து நிற்கவில்லை, இறுதியில் குருதியை ஆண்டது வளர்க்காத மற்றொன்றே! தம் கண்டுபிடிப்பின் குறையைத் தாமே அச்சேற்றும் அந்த நேர்மை இருக்கிறதே, அதற்கு ஈடாக எந்தத் தலபுராணத்தில் ஓர் ஏடு காட்டுவீர்கள்? 'இன்னாருக்கு வேண்டிக்கொண்டோம், பலிக்கவில்லை' என்று எந்தக் கோயில் சுவரிலாவது கல்வெட்டு உண்டா?

அதே 2010இல் கலிஃபோர்னியாவில் ஒரு குழு, ஏறத்தாழ ஒரு இலட்சம் வேதிப்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக அணுக்களின்மேல் சோதித்து, ஒன்றைத் தேர்ந்தது. அது 'எஸ்.ஆர்.1'. எலிக்குள் வேரூன்றும் ஆற்றலுள்ள மனிதக் குருத்தணுக்கள் அதனால் 17 மடங்காயின. டையாக்சின் என்ற நஞ்சு உடலுக்குள் எந்தப் பூட்டிலே சாவியாய் நுழைகிறதோ, அந்தப் பூட்டையே அடைத்து இது வேலை செய்கிறது என்று பிறகு தெரிந்தது. எவரும் எதிர்பாராத செய்தி! கனடாவின் மான்ட்ரியலில் கி சோவாஜோ குழுவினர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களைச் சல்லடையிட்டு, 2014இல் 'யு.எம்.171' என்பதை அறிவித்தனர். அதைக்கொண்டு ஏழே நாள் வளர்த்த ஒற்றைச் சிறு கொடிக் குருதியை 22 பேருக்கு ஏற்றிய முடிவுகள் 2020இல் வெளிவந்தன. எருசலேமிலே வேறொரு குழு கண்ட பொருளோ மிகச் சாதாரணமானது: நிக்கோட்டினமைடு, 'பி3' உயிர்ச்சத்தின் ஒரு வடிவம். அதைச் சேர்த்து மூன்று வாரம் வளர்த்தால் அணுக்கள் முதிர மறுத்துப் பெருகுகின்றன. 125 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல்போல் இரு பிரிவாக்கி ஒப்பிட்டனர். வளர்க்காத குருதி பெற்றோருக்கு வெள்ளணு திரும்ப 22 நாள். வளர்த்தது பெற்றோருக்கு 12 நாள். கடும் தொற்று கண்டோர் நூற்றுக்கு 60 என்பது 39 ஆயிற்று. 2023 ஏப்ரலில் அமெரிக்க மருந்து ஆணையம் 'ஒமிடுபிசெல்' என்ற பெயரில் அதற்கு ஒப்புதல் தந்தது.

பத்து நாள்! வேலையற்றோருக்குப் பத்து நாள் ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் தாயைக் கேளுங்கள், பத்து நாள் என்றால் என்னவென்று.

இங்கே இன்னொன்று. மாற்றுக் குருதி யாருக்கு யாருடையது ஒத்துவரும் என்று மருத்துவர் எப்படிப் பார்க்கிறார்? கோத்திரம் கேட்கிறாரா? நட்சத்திரம் கேட்கிறாரா? அணுவின்மேல் ஒட்டியுள்ள எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்களை ஒப்பிடுகிறார். கூடப் பிறந்த அண்ணனுக்கும் தம்பிக்குமே நால்வரில் ஒருவருக்குத்தான் முற்றும் பொருந்தும். கண்காணாத ஊரிலே, பெயரறியாத தாய் ஈன்ற பிள்ளையின் குருதி பொருந்தும். ஒரே மரபினரிடம் பொருத்தம் கிட்டும் வாய்ப்பு கூடுதல் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் தொப்புள்கொடிக் குருதி, சற்றே பொருந்தாவிட்டாலும் உடல் ஏற்றுக்கொள்ளும் பண்புடையது. பிறந்த குழந்தையின் அணு இன்னும் பகைமை கற்கவில்லை! கற்பிப்பவர்கள் வெளியே காத்திருக்கிறார்கள்.

இப்போது வணிகரிடம் வருவோம். புராணிகர் பழம்பெருமையைக் காட்டிப் பகுத்தறிவைப் பறிக்கிறார். வணிகர் அச்சத்தைக் காட்டிப் பணத்தைப் பறிக்கிறார். கருவுற்ற மகளிர் மருத்துவமனை வாயிலில் காலெடுத்து வைத்தவுடன் முகவர் ஒருவர் புன்முறுவலுடன் எதிர்ப்படுகிறார். திரைநட்சத்திரங்களின் படம் போட்ட தாள், தவணை வசதி. "உங்கள் குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியை எங்களிடம் சேமித்துவையுங்கள், பிற்காலத்தில் அதற்கு எந்த நோய் வந்தாலும் அதன் குருதியே அதைக் காக்கும், நல்ல தாயென்றால் மறுப்பாளா?" என்கிறார். கடைசிச் சொற்றொடரைக் கவனியுங்கள். தாய்மையின்மேல் வரி! கடன் வாங்கிக் கட்டுகிறார்கள் நடுத்தரக் குடும்பத்தார்.

பாரிசுச் சிறுவனைப் பிழைப்பித்தது அவன் குருதியா, தங்கையின் குருதியா? அவன் குருதி எவ்வளவு சேமித்திருந்தாலும் அவனுக்கு உதவியிராது; நோய்க்குக் காரணமான பழுதான மரபணு அதிலும் இருந்தது! தலசீமியாவுக்கும் அதே நிலைதான். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயிலோ, நோயின் வித்து பலருக்குப் பிறக்கும்போதே குருதியிலே கிடக்கிறது. அதையே திருப்பி ஏற்றுவது திருடனைச் சிறையிலிருந்து எடுத்துக் கருவூலக் காவலுக்கு வைப்பதுபோல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளில், பிள்ளையின் பிற்காலத் தேவைக்காக அதன் குருதியையே சேமித்துவைப்பதற்கு விஞ்ஞான அடிப்படை இல்லை என்று அறிவித்துவிட்டது. வீட்டிலே ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு இத்தகைய நோய் இருந்தால் சேமிப்பது வேறு; அது மருத்துவர் சொல்லிச் செய்வது, முகவர் சொல்லி அன்று.

கண்டனம் வலுத்ததும், பணம் கட்டியோர் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் 'சமுதாய வங்கி' என்று புதுப் பலகை மாட்டினர் சிலர். பணம் கட்டியவருக்கு மட்டும் இலைபோடும் சமபந்தி! முன்னைவிட மேல் என்று வேண்டுமானால் சொல்லலாம். சமுதாயம் என்ற சொல்லை அதற்குத் தருவதற்கில்லை. அப்புறம் ஒன்று: கொடியை உடனே அறுக்காமல் ஒரு நிமிடமேனும் காத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், கொடியிலுள்ள குருதி பிள்ளைக்கே பாய்ந்து அதன் இரும்புச்சத்தைக் கூட்டும். பையை நிரப்பும் ஆசையிலே அந்த நிமிடத்தைத் திருடுவோர் உண்டென்றால், அவர்கள் யாருக்கு நன்மை செய்கிறார்கள்?

"போகட்டும், உங்கள் விஞ்ஞானம் மட்டும் ஏழைக்கு எட்டுகிறதா?" என்று கேட்பர் தாயத்துக் கட்சியினர். கூர்மையான கேள்வி, ஓடி ஒளியமாட்டோம். ஒமிடுபிசெல்லுக்கு அமெரிக்காவில் குறித்த விலை 3,38,000 டாலர்! உயிர்ச்சத்து ஒன்றை ஊற்றி வளர்த்ததற்கா இந்த விலை என்று நாமும் சீறுகிறோம். பாதிப் பொருத்தமே உள்ள பெற்றோரின் அல்லது உடன்பிறந்தோரின் மஜ்ஜையை ஏற்றும் முறை வளர்ந்தபின், செலவு கருதி மருத்துவர் பலர் கொடிக் குருதியைக் கைவிட்டதும் உண்மையே. ஆனால் விலை கூடுதல் என்பதால் மருந்து பொய்யாகிவிடாது. விலை குறைவு என்பதால் தாயத்து மெய்யாகிவிடாது. விலையை உடைக்கும் வேலையும் ஆராய்ச்சிக்கூடத்திலேயே நடக்கிறது. ஹிரோமிட்சு நகாவுச்சி என்ற சப்பானிய அறிஞரின் குழுவினர், அணு வளர்ப்புக்கு ஊற்றிவந்த விலையுயர்ந்த புரதத்துக்கு மாற்றாகப் பாலிவினைல் ஆல்ககாலைச் சேர்த்துப் பார்த்தனர். அது என்ன? பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் பசையிலே உள்ள சரக்கு! 2019இல் எலிக் குருத்தணுக்கள் அதிலே ஒரு மாத காலத்தில் சில நூறு மடங்கு பெருகின. 2023இல், வளர்ச்சிப் புரதங்களே இன்றி, இத்தகைய செயற்கைப் பொருள்களைக்கொண்டு மனிதத் தொப்புள்கொடிக் குருத்தணுக்களை வளர்த்துக் காட்டினர். மருந்தாவதற்கு இன்னும் நெடுவழி நடக்கவேண்டும். எனினும் திசை தெரிகிறது.

நம் நாட்டால் ஆகுமா என்று ஐயுறுவோர் வேலூரைப் பார்க்கட்டும். 1986 முதல் அங்கே கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மஜ்ஜை மாற்று நடக்கிறது. மைய அரசின் பொருளுதவியோடு குருத்தணு ஆராய்ச்சி நிலையமும் அங்கே இருக்கிறது. குருதி உறையாமையால் துன்புற்ற ஐவரின் குருத்தணுக்களை எடுத்து, உடலுக்கு வெளியே வைத்து, இல்லாத மரபணுவைப் புகுத்தி, மீண்டும் ஏற்றினார்கள். கண்காணித்த காலம் முழுதும் ஐவரில் ஒருவருக்கும் குருதிப்பெருக்கு நேரவில்லை என்ற முடிவு 2024 திசம்பரில் உலக மருத்துவ ஏட்டிலே வந்தது. அது கொடிக் குருதியன்று, அவரவர் அணுவே. ஆனால் குருத்தணுவை வெளியே எடுத்து உயிரோடு பேணித் திருத்தி ஏற்றும் கை நம்மிடமும் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அந்த முடிவைக் கைப்பேசியில் எத்தனை பேர் அனுப்பினார்கள்? தாயத்துப் புராணத்தை அனுப்பியவரில் ஒருவரேனும் அனுப்பினாரா?

ஆகவே, தோழர்களே, பேரனுக்கு வெள்ளிக் குழல் கட்டும் பாட்டியோடு மல்லுக்கு நிற்கவேண்டாம். அவள் ஏமாற்றுபவள் அல்லள். குழலுக்கு விஞ்ஞான முலாம் பூசும் மேடைப் பேச்சாளரை, அதே மேடையிலே, அதே மக்கள் முன்னிலையிலே கேளுங்கள்: காய்ந்த கொடியிலே எத்தனை உயிரணு எண்ணினீர்? எவருக்கு ஊட்டினீர்? எவர் பிழைத்தார்? முகவர் தாளை நீட்டினால், 2017 நெறிமுறையை நீங்கள் நீட்டுங்கள்.

சட்டமன்றத்திலே அமர்ந்திருக்கும் நம்மவரிடமும் ஒரு கேள்வி உண்டு. நம் அரசு மருத்துவமனைகளின் மகப்பேற்று அறைகளில் நாள்தோறும் பிள்ளைகள் பிறக்கின்றன. அந்தத் தாய்மாரிற் பெரும்பாலோர் ஏழையர், உழைப்போர். பிள்ளைக்கு உரிய குருதி பிள்ளைக்குப் பாய்ந்தபின் எஞ்சுவது இன்றும் தொட்டிக்குத்தான் போகிறது. தாயின் ஒப்புதல் பெற்று, தக்க பிரசவங்களில் மட்டும் அதைச் சேர்த்துவைக்க, எவருக்குப் பொருந்துமோ அவருக்குக் கட்டணமின்றி வழங்க, சிறிய கொடிக் குருதியைப் பெருக்கும் ஆராய்ச்சிக்கு மிச்சத்தைத் தர, அரசே நடத்தும் பொது வங்கி ஒன்றுக்கு அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் எத்தனை கோடி ஒதுக்கப்போகிறீர்கள்?